சைலன்ஸர் மாற்றிய பைக்குக்குப் புகைச் சான்று

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சத்தம் எகிற வேண்டும் என்பதற்காகவே சைலன்ஸர் மாற்றுகிறவர்கள் உண்டு. அப்படி மாற்றிய பைக்குக்குப் புகைச் சான்று கிடைக்குமா? கிடைக்கும். புகை மெஷினுக்கு மூக்கு உண்டு, காது கிடையாது. ஆனால் அந்த மூக்கு பொல்லாதது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-வது விதிப்படி, 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான நாலு ஸ்ட்ரோக் பைக், ஐட்லிங்கில் 3.5 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக் கூடாது. ஹைட்ரோகார்பனுக்கு வரம்பு 4,500 பி.பி.எம். பி.எஸ்.6 வண்டிகளுக்குக் கெடுபிடி இதைவிட அதிகம்.

1. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் எரிப்பு சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் அப்போதே கவனித்துவிடுங்கள்.

2. கசிவைத் தேடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, சைலன்ஸர் வாயைக் கனத்த துணியால் ஒரு கணம் அழுத்துங்கள். ஹெட்டோடு பைப் சேரும் இடத்தில் ‘புஸ்’ என்று கேட்டால் கேஸ்கெட் போய்விட்டது. ஆக்ஸிஜன் சென்ஸர் உள்ள வண்டியில் இந்தக் கசிவு கணக்கையே கெடுக்கும்: வெளிக்காற்றை மோந்த சென்ஸர் பெட்ரோல் போதவில்லை என்று நினைக்க, இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். மாற்று சைலன்ஸரோடு கேட்டலிடிக் கன்வர்ட்டரும் போய்விட்டதென்றால், பி.எஸ்.6 வண்டி தேறுவது கஷ்டம்.

3. டியூனிங்கை அடிவாரத்துச் சேலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் காற்று மெலிது. சேலத்தில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டி மலை ஏறினால் பெட்ரோல் கலவை கனத்துவிடும். மலையில் டியூன் செய்துவிட்டுக் கீழே இறங்கினால் கலவை மெலிந்து, இன்ஜின் விட்டுவிட்டு எரியும். எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக வெளியே வரும். சைலன்ஸர் மாற்றியதும் பெரிய மெயின் ஜெட் போடுவது வழக்கம். ஆனால் ஐட்லிங்கில் வேலை பைலட் ஜெட்டுக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவுக்கும்தான். ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, ஐட்லிங் சீராக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

4. சூட்டோடு போங்கள். மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டர் பெரும்பாலும் மூடியே இருப்பதால் கன்வர்ட்டர் ஆறிவிடும். அடிவாரத்துக்கு வந்ததும் நேரே சோதனை மையத்துக்குள் நுழையாமல், சமதளத்தில் கொஞ்ச தூரம் சீராக ஓட்டுங்கள். சோக் முழுக்க ஆஃப் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. குழாய் உள்ளே போகிறதா? மெஷினின் குழாய் சைலன்ஸருக்குள் 300 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். கட்டை சைலன்ஸரில் அது முடியாது. வெளிக்காற்று கலந்து ரீடிங் பொய்யாகும். காற்றுப் புகாமல் நீட்டிப்புக் குழாய் மாட்டச் சொல்லுங்கள்.

6. ரீடிங்கைப் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு மட்டும் எகிறினால் பெட்ரோல் அதிகம். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் பிளக் அடிக்கவில்லை, அல்லது கலவை மெலிவு. இரண்டும் எகிறினால் ஃபில்டரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தேறிய பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சான்று ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம்.

இந்தச் சான்றை வைத்துக்கொண்டு சத்தத்துக்கும் அனுமதி வாங்கியதாக நினைத்துவிட வேண்டாம். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையிலேயே 80 டெசிபெல்தான் வரம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி, ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தனி அபராதம் உண்டு. புகைச் சான்றைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது. அதனால் கம்பெனி சைலன்ஸரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.