நான்கு பேருக்கு ஓர் அறை

தீபாவளி என்றதும் சிறுவர் முதல் பெரியோர் வரை அனைவர் நினைவிலும் முதலில் வந்து நிற்பது பட்டாசே. கோயில் திருவிழாவானாலும், கிறிஸ்துமஸ் இரவானாலும், தேர்தல் வெற்றியானாலும் வாணவேடிக்கையின்றி நம் ஊரில் எதுவும் நிறைவு பெறுவதில்லை. வானில் பூத்து மறையும் அந்த ஒளிப்பூக்களைக் கண்டு மகிழும் பலர், அவை யார் கைகளால் செய்யப்படுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கோ அது புதிதாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியன்று. எங்கள் வகுப்பில் பலருடைய வீட்டில் உலை கொதிப்பதே பட்டாசு ஆலைக் கூலியால்தான். ஆகவே, ஆலைகளில் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகளையும், அவற்றைத் தொழிலாளருக்குக் கற்பிக்கும் பயிற்சியையும் பற்றி நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

சிவகாசி மழை குறைந்த கரிசல் பூமி. 1922-ஆம் ஆண்டில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்து, அடுத்த ஆண்டே இங்குத் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியின் பின்னே பட்டாசும் வந்தது. விவசாயம் பொய்த்த பூமிக்கு வறண்ட காற்று வேறொரு வழியில் சோறு போட்டது. ஈர மருந்து இங்கே விரைவில் உலரும், திரி நமுத்துப் போகாது. ஆனால் அதே வறட்சி ஆபத்துக்கும் துணை போகிறது என்பதைப் பின்னே காண்போம்.

பட்டாசு மருந்தில் என்ன இருக்கிறது? எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தோம். அடுப்பு விறகு அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பட்டாசு மருந்தோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் அதைத் தருகிறது. கந்தகமும் அலுமினியப் பொடியும் எரிபொருள்கள். இவை தனித்தனியே சாக்கில் இருக்கும்வரை பெரிய அச்சமில்லை. சலித்துக் கலந்த அந்த நொடியிலிருந்து ஒரு சிறு உராய்வு, ஒரு பொறி, கை தவறி விழும் ஒரு தட்டு போதும். காற்றை அடைத்து இந்தத் தீயை அணைக்க முடியாது. நீர் ஊற்றலாமா என்றால் அதுவும் கூடாது. சூடேறிய அலுமினியப் பொடி நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வெளிப்பட்டுத் தீ இன்னும் மூளும். அதனால்தான் ஆலைகளில் தண்ணீர் வாளியோடு உலர்ந்த மணல் வாளியும் வைத்திருப்பார்கள். எந்தத் தீக்கு எந்த வாளி என்று தெரியாதவர் ஓடி வந்து உதவினால் உதவியே வினையாகும். கந்தகத்தையும் குளோரேட் உப்பையும் சேர்த்துப் பட்டாசு செய்வதோ உராய்வுக்கு அஞ்சி 1992-ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.

இனி வறண்ட காற்றுக்கு வருவோம். உலர்ந்த தலைமுடியைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு சென்றால் அவை துள்ளி ஒட்டிக்கொள்ளும். அது நிலைமின்சாரம். நைலான், பாலியெஸ்டர் சேலைகள் உடம்போடு உரசும்போதும் இதே மின்சாரம் உண்டாகிறது. காற்றில் ஈரம் இருந்தால் மெல்லக் கசிந்துவிடும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அது கசிய வழியின்றி உடம்பிலேயே தங்கிவிடும். அந்தக் கையால் மருந்துத் தட்டைத் தொட்டால் என்னாகும்? இதனால்தான் மருந்து அறைக்குள் பருத்தி ஆடை மட்டுமே அணிய வேண்டும், நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடலின் மின்சாரத்தைத் தரையில் இறக்க வேண்டும், கருவிகள் மரத்தாலோ பித்தளையாலோ ஆனவையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. வெயில் ஏறுமுன் மருந்து கலப்பதும், அன்று கலந்ததை அன்றே தீர்ப்பதும் இதே காரணம் பற்றியே.

விதிகளுள் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. மருந்தோடு வேலை நடக்கும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது அது. அறைகள் ஒன்றையொன்று ஒட்டியிராமல் இடைவெளி விட்டுக் கட்டப்பட வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். நான்கு பேர் என்றால் விபத்து வராதா என்று கேட்கத் தோன்றும். வரும். இந்த விதி விபத்தைத் தடுப்பதற்கன்று, எண்ணிக்கையைத் தடுப்பதற்கு. மனிதன் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறு நேரும் என்று ஒப்புக்கொண்டு, அந்த நாளில் எத்தனை குடும்பங்கள் அழ வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிய விதி இது. முதன்முதலில் இதை அறிந்தபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது.

இந்தக் கணக்கை மீறினால் என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளரே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து மக்கள். ஓர் அறை வெடித்தால் அடுத்ததும் வெடிக்கக்கூடும், ஓடி வராமல் விலகி ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதிகாரிகள் ஆய்வு செய்து விதிமீறல்களைக் கண்டறிந்த ஆலை அது என்று அப்போதே செய்தித்தாள்கள் எழுதின. குறைகள் தாளில் இருந்தன. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய விபத்துகளின் பின்னே அடிக்கடி கேட்கும் ஒரு சொல் ‘உள்குத்தகை’. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; அறைகளை வெவ்வேறு ஆட்கள் வாடகைக்கு எடுத்து வேலை நடத்துவார்கள். யார் முதலாளி, யார் போர்மேன், யார் கேட்பது என்பதே தெரியாது. போதாக்குறைக்கு உருப்படிக் கணக்கில் கூலி. எத்தனை உருப்படி முடிக்கிறோமோ அத்தனை காசு என்றால் கை தானாக விரையும். கை விரைந்தால் உராய்வு. கூலி முறையைத் தொடாமல் ‘பதறாதீர்கள்’ என்று மட்டும் போதிப்பது பசித்தவனிடம் பொறுமையைப் பேசுவது போன்றதே என்பது எங்கள் எண்ணம்.

வெடிபொருள் உரிமம் தருவதும் ஆய்வு செய்வதும் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் பணி. சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் தருகிறது. தொழிலாளர் நலனைத் தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை கவனிக்கிறது. இவற்றுக்கு அப்பால் ஒவ்வோர் ஆலையிலும் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அதை ஐந்நூறாகவும், ஆபத்தான தொழிலுக்கு இருநூற்றைம்பதாகவும் குறைத்தது. எங்கள் பக்கத்துச் சிற்றாலைகளில் பலவற்றில் அவ்வளவு பேர் இல்லை. எனவே வெளியிலிருந்து வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைக் குறித்துத் தரும் பாதுகாப்புத் தணிக்கையாளரும் பயிற்சியாளரும் தேவைப்படுகிறார்கள். இப்படியும் ஒரு தொழில் உண்டு என்பதே எங்களில் பலருக்குப் புதிய செய்தி!

பயிற்சியிலும் இருவகை உண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் ஓர் ஆலையில் கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை செய்தவர். அங்கே முதன்முதல் நடந்த வகுப்பில் ஒருவர் வந்து ஆங்கிலம் கலந்த தமிழில் அரைமணி நேரம் விதிகளை வாசித்தாராம். அனைவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டனர். வகுப்பு முடிந்தது. விதி இன்னதென்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு வந்தவர் புத்தகமே கொண்டு வரவில்லை. ஒரு சீப்பும் காகிதத் துண்டுகளும்தான் கொண்டு வந்தார். காகிதம் துள்ளியதைப் பார்த்த பெண்கள், மறுநாளே நைலான் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்களாம். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கையிலிருந்து வாசலுக்குச் செல்லும்படி ஒவ்வொருவரையும் நடக்க வைத்தாராம். புகை சூழ்ந்தால் கண் பயன்படாது, கால்தான் வழியறிய வேண்டும் அல்லவா? பாதி வழியில் வெற்றுப் பெட்டிகள் காலில் தட்டின. அன்றே அவை அகற்றப்பட்டன. இவ்வகுப்பில்தான் பயன் இருந்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

சுற்றுச்சூழலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டாசுப் புகையும் ஒலியும் மக்களை வருத்துகின்றன என்று தொடரப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தக் கூடாதென்றும், சரவெடி கூடாதென்றும், புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே செய்ய வேண்டுமென்றும் ஆணையிட்டது. பேரியம் நைட்ரேட் என்பது பச்சை வண்ணம் தருவது. மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் ஆக்சிஜன் தரும் பொருளாகவும் இருந்தது. இது உடலுக்குள் சென்றால் நஞ்சு. நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் புதிய கலவைகளைக் கண்டுபிடித்து ஆலைகளுக்கு அளித்தது. அவற்றுள் ஒருவகை, எரியும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசியை அடக்குவது. பழைய பட்டாசைவிடத் துகள்மாசு முப்பது விழுக்காடாவது குறைய வேண்டும் என்பது அதன் இலக்கு.

ஊரில் இந்த ஆணையைத் திட்டாதவர் குறைவு. பல ஆலைகள் மூடப்பட்டு எங்கள் வீடுகளிலும் அடுப்பு அணைந்த நாட்கள் உண்டு. ஆயினும் அந்த மருந்துப் பொடியை ஊரார் ஒருநாள் சுவாசிக்க, எங்கள் தாய்மார் ஆண்டு முழுவதும் சுவாசித்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. மருந்து மாறினால் கையும் பழக்கம் மாற வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரு கலவையின் குணமறிந்த தொழிலாளியிடம் புதிய கலவையைத் தரும்போது, அது எவ்வளவு உராய்வைத் தாங்கும், எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்று அமர்ந்து சொல்லித் தருவது யார்? கலவை எழுதிய தாள் முதலாளியின் மேசைக்கு வந்ததோடு நின்றுவிட்டால் போதுமா?

கேள்வி கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஆபத்தான பொருள்களைப் பற்றித் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் ஆலை தெரிவிக்க வேண்டும் என்றும், உடனடி ஆபத்து உண்டென்று தொழிலாளிக்குத் தோன்றினால் மேலாளரிடமும் ஆய்வாளரிடமும் முறையிடலாம் என்றும் அவை கூறின.

தோழியின் தாயாரும் அந்த வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாராம். “ஐயா, நாலு பேர்தான் இருக்கணும்னு சொல்றீங்க. சீசன் நேரத்துல அஞ்சாவதா என்னைய உட்காரச் சொன்னா நான் என்ன செய்ய? மாட்டேன்னு சொன்னா நாளைக்கு வேலை இருக்குமா?” பயிற்சியாளர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். மறுவாரம் வகுப்பு தொடங்குமுன், போர்மேனையும் ஆலை மேலாளரையும் அழைத்து வந்து பெண்களோடு அதே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அந்தக் கேள்வியை மீண்டும் ஒருமுறை கேட்கச் சொன்னாராம்.