ஏழு லீற்றர் பெற்றோலும் ஒரு சைக்கிள் டைனமோவும்

2002 பெப்ரவரி 22ஆம் திகதி இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பின்னிணைப்பாக ஒரு சிறு பட்டியல் உண்டு. பொருளாதாரத் தடை தளர்ந்த பிறகும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்குள் எவை போகக்கூடாது என்று சொல்லும் பட்டியல் அது. வெடிபொருள், முட்கம்பி, தொலைநோக்கி, திசையறி கருவி என்று போகும் அந்த வரிசையில் பென்டோர்ச் பற்றரியும் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே பற்றரிதான். சில பொருட்கள் முழுத்தடை இல்லாமல் அளவோடு அனுமதிக்கப்பட்டன. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 7 லீற்றர் பெற்றோல், லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கு 40 லீற்றர் டீசல்.

அந்த 7 லீற்றரே அப்போது பெரிய வாழ்வாகத் தெரிந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், இடையிடையே தளர்ந்தும் இறுகியும் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த தடை அது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு, யூரியா எல்லாம் கிடைக்காத அல்லது கள்ளவிலைக்குக் கிடைக்கிற பொருட்கள். வவுனியா நகரைத் தாண்டினால் மின்கம்பங்கள் இருந்த இடத்திலும் மின்சாரம் இல்லை. 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வன்னிக்கு வந்தார்கள். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்தவர்களில் மோட்டார் மெக்கானிக்குகள் இருந்தார்கள், வானொலி திருத்துபவர்கள் இருந்தார்கள், சைக்கிள் கடைக்காரர்கள் இருந்தார்கள். மல்லாவி, அக்கராயன், புதுக்குடியிருப்பு என்று மக்கள் குவிந்த இடங்களில் மரத்தடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் பட்டறைகள் முளைத்தன. வீட்டு முற்றமே கராஜ் ஆனது.

அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது பலர் ‘எங்கட ஆக்கள் எதையும் செய்வினம்’ என்று பெருமையோடு முடித்துவிடுவார்கள். பெருமை நியாயமானதுதான். ஆனால் அந்த முற்றங்களில் நடந்தவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உண்மையில் என்ன தேவை, எது இல்லாவிட்டாலும் அது ஓடும் என்பதைக் கையால் கண்டறிந்த அறிவு அது. அதை விளக்கிச் சொல்லவும் முடியும்.

டைனமோவிலிருந்தே தொடங்கலாம். சைக்கிளைக் கவிழ்த்து சீற்றிலும் ஹாண்டிலிலும் நிறுத்தினால் பின்சில்லு அந்தரத்தில் நிற்கும். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, ரயரில் உரசி நிற்கும் டைனமோ சுழன்று மின்சாரம் தரும். அதில் ரேடியோ பாடியது. இரவில் பிபிசி தமிழோசைக்காகவும் வெரித்தாஸ் வானொலிக்காகவும் அயலவர் கூடியிருக்க, வீட்டுப் பெடியன் ஒருவன் சுற்றிக்கொண்டே இருப்பான். கை தளர்ந்தால் செய்தியும் தேயும்.

அந்தப் பொருத்தம் தற்செயலானதல்ல. சாதாரண சைக்கிள் டைனமோவின் அளவு 6 வோல்ற், 3 வாற்று. முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6 என்று பிரித்துக் கணக்கிட்ட வலு அது. நான்கு பற்றரி போடும் ரேடியோவுக்கும் 6 வோல்ற்றுத்தான் வேண்டும். தடங்கல் ஒன்றே ஒன்று: டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோ கேட்பது நேரோட்டம். நேரே கொடுத்தால் இரைச்சல்தான் வரும், கருவியும் பழுதாகலாம். நான்கு டயோட்களைச் சதுரமாக இணைத்துவிட்டால் மின் ஒரே திசையில் போகத் தொடங்கும். அதன் பின்னால் ஒரு கப்பாசிற்றரை வைத்தால் ஏற்ற இறக்கம் மட்டப்படும். உடைந்த ரேடியோ ஒன்றின் வயிற்றுக்குள்ளேயே இந்த உறுப்புகள் இருக்கும். கழற்றி ஈயம் பற்றவைக்கத் தெரிந்தால் போதும்.

கவனிக்கவேண்டிய நுட்பம் இன்னொன்று. டைனமோவின் வோல்ற்றளவு வேகத்தோடு ஏறும். 3 வாற்று இழுக்கும் விளக்கு இணைப்பில் இருக்கும்வரை அது கட்டுக்குள் நிற்கும். ரேடியோவோ மிகக் குறைந்த மின்னையே குடிக்கிறது. விளக்கைக் கழற்றிவிட்டு ரேடியோவை மட்டும் மாட்டி வேகமாகச் சுற்றினால் வோல்ற்று எகிறி ரேடியோவைச் சுட்டுவிடும். அதனால் முன்விளக்கைக் கழற்றாமல் பக்கத்தில் எரியவிடுவதே பாதுகாப்பு. மிகையை அது வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்கும்.

இன்றும் இதை வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பள்ளி மாணவருக்கு ‘1என்4007’ வகை டயோட் நான்கும் 1000 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒன்றும் போதும். கப்பாசிற்றர் 25 வோல்ற்றுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். கைப்பேசிக்கு ஏற்றவேண்டுமென்றால் 5 வோல்ற்றில் நிறுத்தும் சீராக்கி ஒன்றும் சேர்க்கவேண்டும். டயோட்கள் தம் பங்குக்கு ஒன்றரை வோல்ற்றளவு விழுங்கிக்கொள்ளும் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் நடக்கும்.

மலாவி நாட்டில் வில்லியம் கம்குவாம்பா என்ற சிறுவனும் ஒரு சைக்கிள் டைனமோவிலிருந்துதான் புறப்பட்டான். 2001-2002 பஞ்சத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றபோது, கிராம நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து, உழவு இயந்திரத்தின் விசிறியையும் சைக்கிள் உறுப்புகளையும் கொண்டு காற்றாடி கட்டி வீட்டுக்கு விளக்கு ஏற்றினான். உலகம் அவனைக் கொண்டாடியது, புத்தகமும் திரைப்படமும் வந்தன. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வன்னியில் டைனமோ சுற்றிய கைகளுக்குப் பெயர் எதுவும் நிலைக்கவில்லை.

இனி மண்ணெண்ணெய். வன்னியின் பட்டறை வேலைகளில் துணிச்சலானது இதுதான். பெற்றோல் கண்ணில் கிடையாது, மண்ணெண்ணெய் பங்கீட்டில் கொஞ்சம் கிடைக்கும். அதனால் எம்டி 90 மோட்டார் சைக்கிளும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காற்றுப் போகும் வழியால் காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயே போதும். வெண்புகையும் அந்த மணமும் வாகனம் வருமுன்னே வந்துவிடும்.

ஏன் இந்த இரண்டு கட்டம்? பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியைக் கக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். கிளிநொச்சியின் சித்திரை வெயில்கூட அதற்குக் காணாது. சூடில்லாத எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளியாகவே கிடந்து பிளக்கை நனைத்துவிடும்.

பற்றிய பிறகு வேறொரு சிக்கல் வரும். மண்ணெண்ணெயை அதிகம் அழுத்தினால் பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் எஞ்சின் சத்தமிடும், பிஸ்ரன் அடிவாங்கும். ஆகவே அழுத்தம் குறைவான எஞ்சின்தான் இதற்கு உகந்தது. பழைய ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களின் அழுத்த விகிதம் ஏறக்குறைய 7:1 மட்டுமே. தரங்குறைந்த பெற்றோலுக்காக 1940களில் வடிவமைத்த எஞ்சின்கள் அரை நூற்றாண்டு கழித்து வன்னியில் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். புதிய ஜப்பான் கார்கள் மரத்தடியில் படுத்துக்கிடந்தபோது கிழட்டு மொறிஸ்கள் ஓடின. அழுத்தம் கூடிய எஞ்சினானால், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இன்னொரு காஸ்கெட்டைச் சேர்த்து உள்ளிடத்தைச் சற்றுப் பெருப்பிப்பது மெக்கானிக்குகள் அறிந்த வழி.

இந்த முறை வன்னிக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை 1949 முதல் மண்ணெண்ணெயை ஒத்த மலிவு எரிபொருளில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் குழாயைத் திருப்பி மற்றதற்கு மாற்றவேண்டும். வயல்களில் நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசினும் முல்லைத்தீவுக் கரையில் படகுகளைத் தள்ளும் வெளியிணைப்பு எஞ்சினும் அதே வழியில்தான் இயங்குகின்றன. வன்னி மெக்கானிக் தண்ணி மெசினில் கண்டதை மோட்டார் சைக்கிளுக்கு மாற்றினார். கண்டுபிடிப்பு என்பது பெரும்பாலும் இப்படி ஓரிடத்து அறிவை இன்னோரிடத்துக்கு எடுத்துப்போவதுதான்.

விலையும் இருந்தது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் அளக்கும் குச்சியில் மட்டம் குறையாமல் கூடினால், அது நல்ல செய்தியல்ல. பிளக்கில் கரி படியும். உதிரிப்பாகம் வராத ஊரில் இப்படித் தேய்ந்த எஞ்சின்கள் எத்தனையோ.

வீட்டுக்குள் ஒளி தந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும், நடுவே மெல்லிய திரி. போத்தலே சிமினி. எண்ணெய்ச் செலவைத் தீர்மானிப்பது திரியின் பருமன் என்பதால் ஒரு சிறங்கை எண்ணெயில் இரவு கழிந்தது. அதன் வெளிச்சத்தில் படித்து க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். சரிந்தால் தீ என்பதும் உண்மை. தென்னிலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, போத்தல் விளக்கால் எரிந்து வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, 1992இல் உருளாத விளக்கு ஒன்றை வடிவமைக்கப் புறப்பட்டார். கட்டையான, கனத்த, இரு பக்கம் தட்டையான கண்ணாடி, மேலே திருகு மூடி. மார்மைட் போத்தலின் வடிவம்தான் அவருக்கு வழிகாட்டியது. ‘சுதீப’ என்ற அந்த விளக்குக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துக் கடைசிச் சொட்டு மின்னையும் பிழிந்த கதையை இங்கே விரிக்கவேண்டியதில்லை. சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகம் கொள்ளும், அவ்வளவுதான்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் முழு இலங்கையும் வன்னியின் பழைய வரிசையில் வந்து நின்றது. யூலையில் தொடங்கிய கியூஆர் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். இருபது ஆண்டுகளுக்கு முன் போர்நிறுத்த ஒப்பந்தம் தடை ஊருக்கு அனுமதித்ததைவிட 3 லீற்றர் குறைவு. ஆனால் இம்முறை பழைய மாற்றுவழி நெடுநாள் திறந்திருக்கவில்லை. ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. தண்ணி மெசினை நம்பிய விவசாயியும் கரைவலைக்கு அப்பால் போகும் மீனவரும் முதலில் அடிபட்டார்கள்.

இன்றைய வன்னி முற்றங்களில் வேலை மாறிவிட்டது. வெல்டிங் யந்திரம், கிரைண்டர், சூரியத்தகடு எல்லாம் வந்துவிட்டன. ஆபத்தும் மாறியிருக்கிறது. 6 வோல்ற் டைனமோ யாரையும் கொன்றதில்லை. 230 வோல்ற் மின் அப்படியல்ல. பன்றிக்கும் யானைக்கும் பயந்து வீட்டு மின்னை நேரே வேலிக் கம்பியில் கொடுப்பவர்கள் மிருகங்களை மட்டுமல்ல, அயலவரையும் பறிகொடுக்கிறார்கள். முறையான மின்வேலி அப்படி இயங்குவதில்லை. அதற்குரிய கருவி ஒரு நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பாக மட்டும் அனுப்பும். அதிர்ச்சி உண்டு, இறுக்கிப் பிடிக்கும் ஓட்டம் இல்லை. வீட்டுப் பட்டறைக்கு முதலில் வாங்கவேண்டிய கருவி எது என்று கேட்டால், 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ட்ரிப் சுவிட்ச் என்றே சொல்லவேண்டும். கிரைண்டரை அடுத்த மாதம் வாங்கலாம்.

கியூபாவும் 1990களில் இதே போன்ற நெருக்கடியில் இருந்தது. சோவியத் ஒன்றியம் சரிந்து எண்ணெய் நின்றபோது அங்கும் மக்கள் சைக்கிளில் சிறு எஞ்சின் பூட்டினார்கள், பழைய விசிறியை இன்னொன்றாக்கினார்கள். வேறுபாடு ஒன்று: அந்நாட்டு இராணுவப் பதிப்பகம் மக்களின் இத்தகைய செய்முறைகளைத் திரட்டி 1992இல் நூலாக்கியது. எர்னஸ்ரோ ஒரோசா என்ற வடிவமைப்பாளர் அப்பொருட்களையே தேடிச் சேகரித்தார். வன்னியிலோ பட்டறைகள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம்பெயர்ந்து, 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் கருவிகளோடு காணாமல் போயின. எஞ்சியது வாய்மொழி.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இயங்குகிறது. அதே அறிவியல் நகரில் இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவகமும் உண்டு, 2016இல் திறக்கப்பட்டது. அங்குள்ள மாணவர்கள் சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய தூரத்திலேயே அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சிலர் இன்னும் வேலை செய்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. கூடுதல் காஸ்கெட்டை எந்தத் தகட்டில், எத்தனை மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டினீர்கள்? எம்டி 90இன் காபரேட்டரில் ஜெற்றை மாற்றினீர்களா, பழையதையே விட்டீர்களா? எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயிலை ஊற்றிவிட்டு மாற்றினீர்கள், மாற்ற ஒயில் எங்கிருந்து வந்தது?