ஒரே கம்பெனியை நம்பிய நான்கு வருமானம்

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது. தொழிலாளர்கள் போராடினார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, இழப்பீடு முடிவானது. அந்தப் போராட்டம் முழுக்க நியாயமானது. ஆனால் அதே ஆலையைச் சுற்றிப் பிழைத்த லேத் பட்டறைக்காரரையும், வேன் ஓட்டியவரையும், மெஸ் நடத்திய அம்மாவையும், அறைகளை வாடகைக்கு விட்டவரையும் அந்த மேசைக்கு அழைக்க எந்தச் சட்டமும் இல்லை. ஆலை மூடினால் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு. சப்ளை செய்தவருக்கு நிலுவைப் பணத்தைத் தவிர எதுவும் கிடையாது.

‘ஒரு தொழிலை மட்டும் நம்பாதே, நாலு பக்கமும் வருமானம் இருக்கட்டும்’ என்று சொல்லாதவர் இல்லை. நம் பகுதிக்காரர்கள் அதைச் செய்தும் இருக்கிறார்கள். முன்பக்கம் பட்டறை, மாடியில் நான்கு அறை, மனைவி பெயரில் மெஸ், கடனில் எடுத்த வேன் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் கடையும் பாகம் எந்தக் கம்பெனிக்குப் போகிறதோ, அந்தக் கம்பெனி ஆட்கள்தான் மாடியில் தங்குகிறார்கள். அவர்கள்தான் மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள், அவர்களைத்தான் வேன் ஷிப்டுக்கு ஏற்றிப்போகிறது. ஒரே தொட்டியிலிருந்து நான்கு குழாய் போட்டது போலத்தான் இது. தொட்டி வற்றினால் நான்கும் ஒரே நாளில் நிற்கும், வேன் தவணை மட்டும் நிற்காது.

ஃபோர்டு தனிக்கதை இல்லை. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கையில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பெரிய நிறுவனத்தில் 37 நாள் என்பது ஒரு காலாண்டுக் கணக்கில் சரியும் எண். கையிருப்பு இல்லாத சின்னப் பட்டறைக்கு அது மூடுவிழா. இப்போது ஃபோர்டு திரும்பி வருகிறது. 2025 அக்டோபர் 31-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டு, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின் தயாரிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. உற்பத்தி 2029-ல்தான் தொடங்கும். அந்த நம்பிக்கையில் இன்றைக்கே கடன் வாங்கி மெஷின் இறக்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

புதிய வருமானம் எதுவானாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் பெரிய வாடிக்கையாளர் நாளைக்கு நின்றுபோனால் இதுவும் நிற்குமா? லேத் வைத்திருப்பவர் கார் உதிரிபாகத்தோடு பம்ப், விவசாயக் கருவி, மருத்துவக் கட்டில் ஆகியவற்றின் பாகங்களையும் கடைய முடிந்தால் அது உண்மையான இரண்டாவது வருமானம். அதே காருக்கு இன்னொரு பாகம் செய்வது ஆர்டரைக் கூட்டும், ஆபத்தைக் குறைக்காது. மின்சார வண்டிகள் பெருகப் பெருக, இன்ஜின் பாகம் மட்டும் செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது.

அடுத்தது, வந்த வருமானம் கைக்கு வந்து சேர்வது. பல பட்டறைகளுக்கு வேலை இல்லாதது பிரச்சினை இல்லை, செய்த வேலைக்குப் பணம் வராததுதான் பிரச்சினை. இங்கே சட்டம் நம் பக்கம் உறுதியாக நிற்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த தேதிக்குள் பணம் தரவேண்டும். அந்தத் தேதி எப்படி இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ‘90 நாள் கிரெடிட்’ என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். நாள் எப்போதிலிருந்து ஓடுகிறது? சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சரக்கு சரியில்லை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கவேண்டும். ஆட்சேபிக்காவிட்டால் சரக்கு போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது ‘அந்த லாட்டில் ரிஜெக்‌ஷன் இருந்தது’ என்று வாய்மொழியாகச் சொல்வது எடுபடாது.

அதனால் டெலிவரி சலானில் கேட் செக்யூரிட்டி போடும் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் அவசரத்தில் சீல் பாதி விழுந்த சலானோடு திரும்பி வருவார், அது ஃபைலுக்குள் போய்விடும். வழக்கு என்று வரும்போது அந்தப் பாதி சீலில் தேதியைத் தேடவேண்டியிருக்கும். சலான் கிடைத்தவுடன் செல்போனில் படமெடுத்து, அன்றைக்கே வாங்கியவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாகச் சேரும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். 5 லட்சம் ரூபாய் ஆறு மாதம் தாமதமானால் வட்டி மட்டும் ஏறக்குறைய 46,700 ரூபாய். 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் வருமான வரி விதி ஒன்றும் கைகொடுக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டமுடியும். மார்ச் மாதம் நெருங்கும்போது கணக்குப் பிரிவுக்கு இதை நினைவூட்டி ஒரு கடிதம் எழுதுவதில் தவறே இல்லை.

பணம் வரவில்லையென்றால் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். இதற்கு 2017-ல் தொடங்கிய ‘சமாதான்’ தளமும், 2025 ஜூனில் வந்த இணையவழித் தீர்வுத் தளமும் இருக்கின்றன. வாங்கியவர் புனேயில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் விசாரிக்கும் அதிகாரம் சப்ளை செய்தவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே, நீங்கள் அங்கே அலையவேண்டாம். தீர்ப்பை எதிர்த்து அவர் நீதிமன்றம் போனால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டவேண்டும். 90 நாளில் முடிக்கவேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் கூடுதலாக இழுக்கும். முறையீட்டை மூன்று ஆண்டுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். செக் கொடுத்து அது திரும்பிவிட்டால் வேறு கெடு உண்டு: வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், அவர் பணம் தர 15 நாள், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார்.

இந்தப் பாதுகாப்புக்கு ‘உத்யம்’ என்ற சிறுதொழில் பதிவுதான் வாசல், அதைச் சப்ளை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். அரசுத் தளத்தில் இது முற்றிலும் இலவசம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்களுடையவை. ‘உத்யம் இருந்தால் ஆர்டர் கிடையாது’ என்று சில கம்பெனிகள் மிரட்டுகின்றன. அதற்காகப் பதிவை ரத்துசெய்யச் சம்மதிக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு பதிவுதான் உண்டு. பட்டறையோடு புதிதாக ஒரு தொழில் சேர்த்தால் அதே பதிவில் சேர்க்கவேண்டும். ஒரு முக்கியமான விதிவிலக்கும் இருக்கிறது. டூல்ஸ், ஆயில் வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு உத்யம் பதிவு கிடைக்கும், ஆனால் அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். 45 நாள் உரிமை உற்பத்திக்கும் சேவைக்கும்தான். அதனால் வியாபாரத்தில் கடன் கொடுக்கும்போது கை கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்.

வரிக்கும் எல்லாத் தொழிலும் சேர்ந்து ஒரே கணக்குதான். ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம், சேவை கலந்தால் 20 லட்சம். ஒரே பான் எண்ணில் இருக்கும் எல்லாத் தொழிலின் விற்றுமுதலையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ‘ஒவ்வொன்றும் சின்னதுதானே’ என்று இருந்தவர்களுக்குத்தான் நோட்டீஸ் வருகிறது.

இனி மாடி அறை. மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் முழுக்க இதுதான் பலருக்கும் இரண்டாவது வருமானம். பெண் தொழிலாளர்களைத் தங்கவைத்தால் 2014-ம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள். தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெண்கள் எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்று நாடே அறிந்தது. அறை விடுபவர்கள் அந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. தங்குபவருக்கு நல்ல தண்ணீரும் பாதுகாப்பும் கொடுப்பது கடமை, உரிமத்துக்குப் பிறகு வரும் சலுகை அல்ல. தொழில் கணக்கு என்ற கோணத்திலும் ஒன்று சொல்லவேண்டும்: வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது. தொழிலாளர்களுக்கு அரசே விடுதி கட்டும் காலத்தில், கடன் வாங்கி மாடிமேல் மாடி எழுப்புவது துணிச்சலான முடிவு.

மெஸ் எவ்வளவு சின்னதானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். வீட்டு மின் இணைப்பில் மெஸ்ஸோ கடையோ நடத்தினால் மின்வாரியம் இரட்டைக் கட்டணத்தில் கணக்கிட்டு வசூலிக்கலாம். ஓன் போர்டு வண்டியில் கம்பெனி ஆட்களைக் கூலிக்கு ஏற்றினால் பெர்மிட் இல்லாத குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு. அதைவிடக் கொடியது, விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பது. ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க அடைக்கவேண்டிய கடன் அது.

உழைப்பே இல்லாமல் கூடுதல் வருமானம் என்று வருபவைதான் என்னைக் கவலைப்பட வைப்பவை. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக ஆருத்ரா நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது 2022-ல். மகள் கல்யாணத்துக்கும் மெஷின் வாங்கவும் வைத்திருந்த பணமெல்லாம் இப்படித்தான் போகிறது. கடனை அடைத்து, தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு பட்டறை மாதம் 3 சதவீதம் எடுப்பதே பாடு என்பது அதை நடத்துபவருக்குத் தெரியும். அவரே முப்பதை நம்பலாமா?

இன்னொரு வலை பட்டறைக்காரர்களுக்கென்றே விரிக்கப்படுவது. ‘உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் மட்டும் போட்டுத் தாருங்கள், சதவீதம் தருகிறோம்’ என்பார்கள். ‘உங்கள் கரன்ட் அக்கவுன்ட்டில் பணம் வந்து போகட்டும், கமிஷன் உண்டு’ என்பார்கள். சரக்கு இல்லாத பில் குற்றம். அதில் காட்டிய வரித்தொகை 5 கோடியைத் தாண்டினால் ஐந்தாண்டு வரை சிறை. கணக்கில் வந்து போவது பெரும்பாலும் சைபர் மோசடிப் பணம். வேறு மாநிலக் காவல்துறை கணக்கை முடக்கும்போது உங்கள் தொழிலாளிகளின் சம்பளமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்காதீர்கள். இணையவழி மோசடி என்றால் உடனே 1930-ஐ அழையுங்கள், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்புண்டு. டெபாசிட் மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 1997-ம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக்கொடுக்கத் தனி நீதிமன்றம் இருக்கிறது. புகார் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பங்கு. ரசீது, வங்கிக் கணக்கு விவரம், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். ‘புகார் கொடுத்தால் பணம் திரும்ப வராது’ என்று அதே ஏஜென்ட் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.