பெயருக்கு முன் ஓர் எழுத்து

'குடும்பப் பெயர்' கேட்கும் படிவத்தில் தந்தையின் பெயரை எழுதிவிட்டு, பிறகு அப்பெயராலேயே அழைக்கப்படுவது நம்மில் பலருக்குப் பழக்கம். 1933-இல் இந்நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராக வந்த சர் சி. வி. இராமனின் 'சி' தந்தை சந்திரசேகரனைக் குறிப்பது. அவ்வெழுத்து பெயருக்கு முன்னால் நிற்பதே நம் முறை. ஆகவே நம் சங்கத்து உறுப்பினர் படிவத்தை இணையத்துக்கென அமைக்கும் பணி என்னிடம் வந்தபோது, தலைப்பெழுத்துக்குச் சிறு கட்டமும் பெயருக்குப் பெரிய கட்டமும் ஒரே வரியில் அமைய விரும்பினேன்.

ஜாவாவில் அமைந்த ஸ்ட்ரட்ஸ் 2-ஐக் கையாண்டேன். அதில் ஒரு கட்டத்துக்கு ஒரு குறி இட்டால் போதும். அட்டவணை வரி, இடப்புறம் விவரம், வலப்புறம் கட்டம் யாவும் தாமே வந்துவிடும். 'எக்ஸ்எச்டிஎம்எல்' என்னும் பாணியின் வேலை இது. வசதிதான், ஆனால் எழுத்தும் பெயரும், பிணங்கிய தந்தையும் மகனும் போல, வெவ்வேறு வரிகளில் நின்றன!

அவ்விரு கட்டங்களுக்கு மட்டும் 'சிம்பிள்' பாணியைக் குறித்தேன். அது கட்டத்தை மட்டுமே தரும். வரியையும் விவரத்தையும் நானே எழுதி, இரண்டையும் அருகருகே வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் பெயரை எழுத மறந்த நண்பர் ஒருவர், படிவம் ஏன் திரும்பி வருகிறதென்று விளங்காமல் நான்கு முறை அனுப்பினார். பிழையைச் சுட்டிக்காட்டுவதும் நான் நீக்கிய பாணியின் வேலையே என்பது அப்போதுதான் உறைத்தது. 'ஃபீல்டுஎரர்' என்னும் குறியைக் கட்டங்களின் கீழே இட்ட பிறகே செய்தி தோன்றியது.

படிவங்கள் பல உடையோர் புதுப்பாணி ஒன்று வகுத்து, மாற்ற வேண்டிய ஃப்ரீமார்க்கர் வார்ப்புகளை மட்டும் அதில் வைக்கலாம். பழைய பாணியைத் தாயாகக் குறித்துவிட்டால், மற்ற வார்ப்புகளை ஸ்ட்ரட்ஸ் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.