சர்க்கரை ஆலைப் பொறியாளர் (கள்ளக்குறிச்சி வட்டாரம்)

சர்க்கரை ஆலைப் பொறியாளர் என்பவர் கரும்பை அரைக்கும் உருளைகள், கொதிகலன்கள், டர்பைன்கள், பம்புகள், ஆவியாக்கிகள் ஆகியவற்றை அரவைப் பருவம் முழுவதும் நிற்காமல் ஓட வைக்கும் பொறுப்புடையவர். ஆலையில் மூன்று துறைகள் சேர்ந்து இயங்குகின்றன. கரும்பைப் பதிவு செய்து, வெட்டு உத்தரவு கொடுத்து, ஆலைக்கு வரவழைப்பது கரும்புத் துறை. சாற்றைத் தெளியவைத்துச் சர்க்கரையாக மாற்றுவது வேதியியலாளரின் துறை. இவ்விரண்டுக்கும் தேவையான இயந்திரம், நீராவி, மின்சாரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பு பொறியியல் துறை. அரவை நின்றால் முதலில் அழைப்பு வருவது பொறியாளருக்குத்தான். இந்தத் தொழில் குடும்ப வாழ்க்கையின் நாட்காட்டியையும் மாற்றிவிடக்கூடியது.

கள்ளக்குறிச்சியும் கரும்பும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை நிற்கிறது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அங்கே சாமை, மரவள்ளி போன்றவற்றைப் பயிரிடுகின்றனர். கடுக்காய் அம்மலையின் பெயர்பெற்ற விளைபொருள்.

கரும்பு விளைவது மலையில் அல்ல, அதன் அடிவாரத்துச் சமவெளியில். ஆனால் அந்தக் கரும்புக்கான நீரில் ஒரு பங்கு மலையிலிருந்து வருகிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தா ஆறுகளில் அணைகள் கட்டப்பட்டுள்ளன. மாவட்டத்தின் வட பகுதியில் சாத்தனூர் அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணை ஓடுகிறது. வட்டாரத்தின் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் இடமும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி 1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தென்பெண்ணையை அடுத்த மூங்கில்துறைப்பட்டிலும், கள்ளக்குறிச்சி 2 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மலையடிவாரத்தில் கோமுகி அணைக்கு அருகிலுள்ள கச்சிராயபாளையத்திலும் உள்ளன. மலையில் மழை பொய்த்தால் அடுத்த பருவத்தில் ஆலைக்கு வரும் கரும்பு குறையும்.

வெட்டிய கரும்பு காத்திருக்காது

நெல்லை அறுத்துக் களஞ்சியத்தில் வைக்கலாம். கரும்பை அப்படி வைக்க முடியாது. வெட்டிய நேரத்திலிருந்தே அதிலுள்ள சுக்ரோஸ் சிதைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியத் தொடங்கும். இவை இனிப்பானவை என்றாலும் ஆலையில் படிகமாக இறங்காமல் கழிவுப்பாகில் போய்ச் சேரும். வெயிலில் கரும்பு காய்ந்து எடையும் குறையும். அதனால் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் கரும்பை அரைத்துவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை.

அரைத்த சாறு கரும்பைவிட வேகமாகக் கெடும். தேங்கிய சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையைத் தின்று, கொழகொழப்பான டெக்ஸ்ட்ரான் என்ற பொருளை உண்டாக்கும். அது பிறகு வடிகட்டுவதையும் படிகமாக்குவதையும் கெடுக்கும். ஆகவே ஆலையில் ஒரு பம்பு பழுதானாலும் அதன் விலை பழுதுபார்ப்புச் செலவோடு முடிவதில்லை.

நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை ஒரு மணி நேரம் நின்றால் சுமார் 104 டன் கரும்பு அரைபடாமல் நிற்கும். அது பல லாரி, டிராக்டர் பாரம். பாரத்தோடு வந்த ஓட்டுநரும் கரும்புக்குச் சொந்தக்காரரான விவசாயியும் ஆலை வாசலில் காத்திருக்க, கரும்பின் எடை குறைந்துகொண்டே போகும்.

ஆலைக்குள் நடப்பவை

எடை மேடையைத் தாண்டி வரும் கரும்பு, சுழலும் கத்திகளால் வெட்டப்பட்டு நாராகச் சிதைக்கப்படுகிறது. பிறகு மூன்று உருளைகள் கொண்ட மில்கள் நான்கோ ஐந்தோ வரிசையாக அதைப் பிழிகின்றன. கடைசி மில்லுக்குள் நுழையும் சக்கையின் மீது நீர் தெளித்து, மிச்சமுள்ள சர்க்கரையையும் கரைத்து எடுப்பார்கள். கரும்போடு ஓர் இரும்புத் துண்டு உள்ளே போனாலே உருளையின் பற்கள் உடையலாம். அதைத் தடுக்கவே வழியில் காந்தங்கள் வைக்கப்படுகின்றன. பற்கள் தேய்ந்து வழுக்கினால், உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதன் மீது வெல்டிங் பொட்டுகள் வைத்துப் பிடிப்பு உண்டாக்குவது அனுபவசாலித் தொழிலாளர்களின் வேலை.

பிழிந்த சக்கை கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் இருக்கும். அதுவே கொதிகலனுக்கு எரிபொருள். கொதிகலனில் பிறக்கும் உயரழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றுகிறது. அதிலிருந்து வெளிவரும் அழுத்தம் குறைந்த நீராவி சாற்றைக் காய்ச்சப் போகிறது. இவ்வாறு ஆலை தன் எரிபொருளைத் தானே கொண்டுவந்து, தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதன் மறுபக்கம், ஒன்று நின்றால் எல்லாம் தடுமாறும் என்பது. மில் நின்றால் சக்கை நிற்கும், நீராவி இறங்கும், பாதி காய்ந்த பாகு கலனிலேயே தேங்கும். சக்கையில் ஈரம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அது சரியாக எரியாது. எனவே மில்லின் பிழிவுத் திறமும் கொதிகலனின் சூடும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

சாறு சுண்ணாம்பும் கந்தக வாயுவும் சேர்த்துத் தெளியவைக்கப்பட்டு, ஆவியாக்கிகளில் கெட்டிப்பாகாகிறது. பின்னர் வெற்றிடக் கலன்களில் குறைந்த வெப்பத்தில் காய்ச்சப்பட்டுப் படிகமாகிறது. வேகமாகச் சுழலும் கூடைகளில் படிகமும் கழிவுப்பாகும் பிரிகின்றன.

ரில்லியூவின் கண்டுபிடிப்பு

ஊரில் வெல்லம் காய்ச்சுபவர்கள் திறந்த கொப்பரையில் சாற்றைக் காய்ச்சுவார்கள். எழும் ஆவி காற்றோடு போய்விடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லூசியானா தோட்டங்களிலும் நிலைமை இதுவே. அங்கே அடிமைகள் கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து மற்றொன்றுக்கு முகந்து ஊற்றினார்கள். 1806-இல் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின வழித்தோன்றலாகப் பிறந்து பாரிஸில் படித்த பொறியாளர் நார்பெர்ட் ரில்லியூ இதற்கு மாற்று கண்டார். ஒரு கலனில் எழும் ஆவியை அடுத்த கலனைச் சூடாக்கப் பயன்படுத்தினார். அடுத்தடுத்த கலன்களில் அழுத்தத்தைக் குறைத்ததால் குறைந்த வெப்பத்திலேயே சாறு கொதித்தது. 1843-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கிலோ நீராவியைக் கொண்டு பல கிலோ நீரை வெளியேற்றும் இம்முறையால்தான் இன்றைய ஆலை தன் சக்கையைக் கொண்டே ஓட முடிகிறது, மிச்சச் சக்கையில் மின்சாரம் எடுத்து விற்கவும் முடிகிறது.

இழப்பு யாருடையது

நூறு கிலோ கரும்பிலிருந்து எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதே பிழிதிறன். மத்திய அரசின் நியாய மற்றும் ஆதாய விலை இதனோடு இணைக்கப்பட்டுள்ளது. 2024-25 பருவத்தில் 10.25 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாயும், 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு 315.10 ரூபாயும் விலையாக அறிவிக்கப்பட்டது.

ஒரு நாளைக்கு 2,500 டன் அரைக்கும் ஆலையில் பிழிதிறன் 0.1 சதவீதம் குறைந்தால், அன்றைக்கு 2.5 டன் சர்க்கரை போகும். 150 நாள் பருவத்தில் இது 375 டன். 9.5 சதவீதத்துக்கு அறிவிக்கப்படும் விலைக்குக் கீழே விலை இறங்காது என்பதால் இந்த இழப்பு முதலில் ஆலையின் கணக்கில்தான் விழும். ஆனால் கூட்டுறவு ஆலையின் உறுப்பினர்கள் கரும்பு விவசாயிகளே. ஆலையிடம் பணம் இல்லாதபோது கரும்புப் பணம் தாமதமாகும். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் போராடுவது தமிழ்நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது. உருளையின் இடைவெளியைச் சரியாக வைப்பது போன்ற, வெளியே யாருக்கும் தெரியாத வேலைகளின் விளைவு இவ்வாறு ஊருக்குள் வந்து சேர்கிறது.

பருவமும் குடும்பமும்

அரவை தொடங்கிவிட்டால் ஆலை இரவு பகலாக மூன்று ஷிப்டுகளில் ஓடும். ஷிப்டு பொறியாளர் எட்டு மணி நேரத்தில் வீடு திரும்பலாம். தலைமைப் பொறியாளருக்கு அந்த எல்லை கிடையாது. ஆலைகள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே இருப்பதால், பணியாளர் குடியிருப்பு ஆலையை ஒட்டியே இருக்கும். ஆலையின் இரைச்சல் அங்கே இரவு முழுவதும் கேட்கும். அது திடீரென நின்றால் உறங்குபவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் முக்கிய அரவைப் பருவத்தின் நடுவில்தான் பொங்கல் வருகிறது. கரும்பை வைத்து வழிபடும் பண்டிகைக்குக் கரும்பு ஆலைக்காரர் சொந்த ஊர் போவது அரிது. குடும்பத் திருமணங்களை அரவை இல்லாத மாதங்களுக்குத் தள்ளுவதும் உண்டு. ஆனால் அம்மாதங்களும் ஓய்வுக்காலம் அல்ல. மில்களைக் கழற்றி, தேய்ந்த உருளைகளைச் சீராக்கி, கொதிகலன் குழாய்களைச் சோதித்து, அடுத்த பருவத்துக்கு ஆலையைத் தயார் செய்வது அப்போதுதான். இடமாறுதல் வந்தால் பிள்ளைகளின் பள்ளியும் மாறும். அல்லது குடும்பம் ஊரில் தங்க, பொறியாளர் தனியாக இருப்பார். இந்த ஏற்பாட்டின் சுமையில் பெரும்பங்கு மனைவி மீது விழுகிறது. பொறியாளரை நல்ல குடும்பஸ்தர் என்று சொல்லும்போது அதில் அவருடைய மனைவியின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

கல்வியும் இன்றைய நிலையும்

இயந்திரவியல் அல்லது மின்னியலில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் இத்துறைக்கு வருகிறார்கள். கான்பூரில் 1936-இல் தொடங்கப்பட்ட, இன்று தேசிய சர்க்கரை நிறுவனம் எனப்படும் கல்விக்கூடம் சர்க்கரைப் பொறியியலில் தனிப்படிப்பு நடத்துகிறது. கொதிகலனை நடத்துவதற்குத் தனியே தகுதிச் சான்றிதழ் தேவை.

தமிழ்நாட்டில் வறட்சி, ஆள் பற்றாக்குறை, கரும்புப் பண நிலுவை ஆகியவற்றால் கரும்புப் பரப்பு குறைந்திருக்கிறது. சில ஆலைகள் மூடப்பட்டன, பல ஆலைகள் முழுத் திறனில் ஓடவில்லை. கரும்பு போதாமல் ஆலை நின்று நின்று ஓடும்போது, ஒவ்வொரு முறையும் கொதிகலனை மீண்டும் சூடாக்கச் சக்கை வீணாகிறது. முன்பு பழுதினால் நிற்கும் ஆலையைப் பற்றிக் கவலைப்பட்ட பொறியாளர், இப்போது பழுதே இல்லாமல் நிற்கும் ஆலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இணை மின் உற்பத்தியும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுப்பதும் ஆலைகளுக்குக் கூடுதல் வருமானம் தரும் வழிகள். ஆனால் அவற்றுக்கும் மூலப்பொருள் அதே கரும்புதான்.