பிள்ளை வெளிநாட்டு வீட்டில் தங்கப் போகுதா? கிளம்புறதுக்கு முன் கேட்க வேண்டியவை

பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கும்: இங்கிலாந்துக் கல்விச் சுற்றுலா, இரண்டு வாரம், காலையில் ஆங்கில வகுப்பு, மதியம் ஊர் சுற்றிப் பார்த்தல், இரவில் அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கல். பெற்றோர் நிறுத்திப் படிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். ஹோட்டலில் தங்கினால் ஆசிரியர் பக்கத்து அறையில் இருப்பார். ஹோம்ஸ்டே என்றால் பிள்ளைகள் பல வீடுகளில் பிரிந்து தங்குவார்கள். பள்ளி, பயண முகவர், அந்தக் குடும்பம் என மூன்று கைகளில் உங்கள் பிள்ளை இருக்கும். எந்த நேரத்தில் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருந்தால்தான் பிறகு கேட்க முடியும்.

முதலில் பாஸ்போர்ட். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1000 ரூபாய். 5 ஆண்டு அல்லது 18 வயது நிறையும் வரை, எது முந்தியதோ அதுவரை செல்லும். தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்சர் டி’ உறுதிமொழி வேண்டும். வெள்ளைத் தாளில் போதும், நோட்டரி முத்திரை தேவையில்லை. ஒருவரின் கையெழுத்து கிடைக்காத நிலை என்றால் ‘அனெக்சர் சி’ இருக்கிறது.

நம்ம ஊரில் அதிகம் தடுக்கி விழுகிற இடம் பெயர்தான். பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்க. பிறப்புச் சான்றிதழில் பெயர் பதியாமலே விட்டவர்களும் உண்டு. பிறந்த 12 மாதத்துக்குள் இலவசமாகவும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த 15 ஆண்டு நெருங்கிவிட்டது என்பதைக் கணக்கில் வையுங்க.

அடுத்து விசா. பிரிட்டன் வருகையாளர் விசாவுக்குப் பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாக 3 வாரத்தில் முடிவு வரும். பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். பிள்ளை யார் வீட்டில் தங்கும் என்ற விவரமும் கேட்பார்கள். ‘வீடு அங்கே போனதும் ஒதுக்குவோம்’ என்று முகவர் சொன்னால் ஒத்துக்காதீங்க. இன்னொன்று, பெரியவர் ஒருவருடன் செல்வதாக விண்ணப்பித்தால் அவருடைய பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் விசாவோடு பதிவாகும். கடைசி நேரத்தில் அந்த ஆசிரியருக்குப் பதில் வேறொருவர் கிளம்பினால், லண்டன் விமான நிலையத்தில் பிள்ளைக்கு அனுமதி மறுக்கப்படலாம். எனவே யார் கூட வருகிறார் என்பது உறுதியான பிறகே விண்ணப்பம் போடச் சொல்லுங்க.

இனி அந்த வீடு. போர்ன்மவுத், பிரைட்டன், ஹேஸ்டிங்ஸ் போன்ற கடலோர ஊர்களில் ஆங்கிலம் படிக்க வரும் மாணவர்களைக் குடும்பங்கள் வீட்டில் தங்கவைப்பது வெகுநாள் வழக்கம். குடும்பத்துக்கு அதற்குப் பணம் தரப்படுகிறது. விருந்தாளி உபசாரம் என்று நினைச்சுக்காதீங்க. மொழிப்பள்ளிக்கு பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று அவர்களுடைய இணையப் பட்டியலில் நீங்களே பாருங்க. வீட்டில் உள்ள பெரியவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை நடந்ததா, அதே வீட்டில் வேறு யார் தங்குகிறார்கள், பிள்ளைக்குத் தனிக் கட்டில் உண்டா, இரவில் கூப்பிட்டால் எடுக்கும் தொலைபேசி எண் எது? இத்தனையும் பள்ளி வழியாக மின்னஞ்சலில் கேளுங்க. கேட்டால் தப்பா நினைப்பாங்களோ என்ற தயக்கமே வேண்டாம். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அதற்குக் குறைந்த நாள் பயணத்தில் அந்தக் கண்காணிப்பு வராது. அதனால்தான் உங்கள் கேள்விகளுக்கு மதிப்பு அதிகம்.

சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்க. ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை சேருமா என்பதில் ஆளுக்கொரு எண்ணம். முட்டை, மீன் எல்லாம் பெயர் சொல்லி எழுதுவதே நல்லது. குழாய்த் தண்ணீரையே அங்கே குடிப்பார்கள், பிள்ளை பயப்பட வேண்டாம். நம் சார்ஜர் பின் அங்கே பொருந்தாது, அடாப்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்புங்க.

பணம் கட்டும்போது செலவுப் பட்டியல் கேளுங்க. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் பொதுவாக நுழைவு இலவசம். அவற்றுக்குக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருந்தால் எதற்கு என்று விசாரியுங்க. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் வரி பிடிப்பார்கள். எந்தப் பான் எண்ணில் பிடித்தார்கள் என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். மிகுதி இருந்தால் திரும்பக் கேட்கலாம்.

அவசர உதவிக்கு அங்கே 999. அதைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்க. பாஸ்போர்ட் தொலைந்தால் அங்குள்ள காவல்துறையில் தெரிவித்துவிட்டு, லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நாடு திரும்ப அவசரச் சான்று கேட்கலாம். பாஸ்போர்ட், விசா நகல் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம். பிள்ளையின் பையில் ஒன்று, உடன் செல்லும் ஆசிரியரிடம் ஒன்று, உங்கள் கைபேசியில் ஒன்று வைத்திருங்க.