உங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

மும்பை குடிசைப் பகுதியில் பிறந்த எளிய முறை

தாராவியில் பத்துக்குப் பத்து அடி வீடு. மாலை நேரம். அடுப்பில் சோறு கொதிக்கிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடத்தைக் கடகடவென்று சொல்லுகிறான். ஒரு சொல் கூடத் தவறவில்லை.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி வாசிக்கான் பாத்தீங்களா, அண்ணே!" என்கிறாள், ஊரில் இருந்து வந்திருக்கும் அண்ணனிடம்.

மாமா புத்தகத்தை வாங்கிப் பார்க்கிறார். பக்கத்தின் நடுவில் ஒரு சொல் மீது விரலை வைத்து, "மருமவனே, இது என்னது?" என்று கேட்கிறார்.

பையன் விழிக்கிறான். பிறகு பாடத்தின் முதல் வரிக்குப் போகிறான். அங்கிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வருகிறான். மாமாவின் விரல் இருக்கும் இடம் வந்ததும் அந்தச் சொல்லைச் சொல்லுகிறான்.

அவன் வாசிக்கவில்லை. மனப்பாடம் செய்து இருக்கிறான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆகவே இந்த வேறுபாடு அவளுக்குப் புலப்படவில்லை.

இந்தக் காட்சி ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. தமிழ்ப் பள்ளி, மராத்திப் பள்ளி, இங்கிலீஷ் மீடியம் என்று எங்கே படித்தாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நாடு முழுவதும் இருக்கிறார்கள்.

100-க்கு 27

'அசர்' என்ற கணக்கெடுப்பு 2005-ம் ஆண்டு முதல் நம் நாட்டுக் கிராமங்களில் நடத்தப்பட்டு வருகிறது. தொண்டர்கள் வீடு வீடாகச் செல்லுவார்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாளைக் காட்டி வாசிக்கச் சொல்லுவார்கள்.

2024-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 27 பேர்தான். ஐந்தாம் வகுப்பில் கூட, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளால் அதை வாசிக்க முடியவில்லை.

இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாதவர்கள் அல்ல. பெயர் பதிவேட்டில் இருக்கிறது. சீருடை இருக்கிறது. பை நிறையப் புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வாசிக்கத்தான் தெரியவில்லை.

வண்டி நிற்பதில்லை

ஏன் இப்படி?

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் எழுத்து சொல்லித் தருகிறார்கள். மூன்றாம் வகுப்பில் எழுத்துப் பாடம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு வரும் சரித்திரம், விஞ்ஞானம், கணக்கு எல்லாமே "இவனுக்கு வாசிக்கத் தெரியும்" என்ற எண்ணத்தில்தான் எழுதப்பட்டு இருக்கின்றன.

காய்ச்சலில் படுத்த பிள்ளை, ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்ட பிள்ளை, வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளை ஆகியோர் முதல் இரண்டு வகுப்பில் ஒரு படியைத் தவற விட்டால், திரும்பி வந்து அந்தப் படியில் கால் வைக்க வழி இல்லை. லோக்கல் ரெயில் மாதிரி, ஏறாதவனுக்காக வண்டி நிற்பதில்லை.

ஆசிரியர் மீது மட்டும் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். ஒரே வகுப்பில் எழுத்தே தெரியாத பிள்ளையும், கதைப் புத்தகம் வாசிக்கும் பிள்ளையும் அடுத்தடுத்து உட்கார்ந்து இருப்பார்கள். யாருக்கு என்று பாடம் நடத்துவது?

பாலசகி

இந்தக் கேள்விக்கு மும்பையிலேயே ஒரு விடை கிடைத்தது.

ரசாயன விஞ்ஞானியான மாதவ் சவானும், சமூகப் பணியில் இருந்த பரீதா லாம்பேயும் முன்னின்று 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது 1995-ல் மும்பை குடிசைப் பகுதிகளில் பாலர் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. பிறகு மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களில் பின்தங்கிய பிள்ளைகள் பக்கம் அதன் கவனம் திரும்பியது.

அதே பகுதியில் வசிக்கும், பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குப் 'பாலசகி' என்று பெயர். பிள்ளைகளின் தோழி என்று பொருள்.

மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைப் பாலசகி தனியே அழைத்துச் செல்லுவாள். பள்ளி நேரத்திலேயே தினமும் 2 மணி நேரம் அவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பாள்.

இது உண்மையிலேயே பயன் தருகிறதா என்று 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களில் இருவர் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்ளோ. 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் இவர்களும் உண்டு.

பாலசகி இருந்த பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது. மிகவும் பின்தங்கி இருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆன செலவு சுமார் 100 ரூபாய்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. 20 பிள்ளைகள் வெளியே போனதால், வகுப்பில் மீதி இருந்தவர்களுக்குக் கூட்டம் குறைந்தது. ஆனால் அதனால் அவர்களுடைய மதிப்பெண் உயரவில்லை. ஆக, பலன் தந்தது கூட்டம் குறைந்தது அல்ல. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியில் இருந்து சொல்லிக் கொடுத்ததுதான்.

வராத பிள்ளைகள்

அடுத்து உத்தரப்பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. கிராமத்து இளைஞர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகு வாசிப்பு முகாம் நடத்தினார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் யாருக்கு மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளைகளில் மிகச் சிலரே வந்தார்கள்.

பாடம் தெளிவானது. இந்த வேலையைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, பள்ளி நேரத்திலேயே செய்ய வேண்டும்.

அரியானாவில் 2012-13-ல் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இதைச் செய்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் வகுப்புச் சுவரை மறந்துவிட்டார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எதை வாசிக்கத் தெரியும் என்று பார்த்துக் குழு பிரித்தார்கள். பலன் கிடைத்தது.

2013-14-ல் உத்தரப்பிரதேசத்தில் பள்ளிக்குள்ளேயே முகாம்கள் நடந்தன. ஆண்டு முழுவதிலும் மொத்தம் 50 நாள்தான். முகாம் நடந்த பள்ளிகளில் ஒரு பத்தியையோ கதையையோ வாசிக்கும் பிள்ளைகளின் விகிதம், முகாம் நடக்காத பள்ளிகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆனது.

4 படிகள்

இந்த முறையில் பரீட்சை கிடையாது, தேர்ச்சி, தோல்வி கிடையாது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள்.

முதல் படி எழுத்து. இரண்டாவது சொல். மூன்றாவது, எளிய நான்கு வரிப் பத்தி. நான்காவது சிறுகதை. ஒரு பிள்ளையைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும்.

பிறகு பாடம் தொடங்குகிறது. எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருவார்கள். ஆசிரியர் விரலால் வரியைத் தொட்டபடி ஒரு கதையை வாசிப்பார். பிள்ளைகளும் விரல் வைத்துத் தொடருவார்கள். கதையைப் பற்றிப் பேசுவார்கள். உயிர்மெய் வரிசை எழுதிய அட்டையைச் சேர்ந்து வாசிப்பார்கள். தரையில் எழுத்துகளை எழுதி, அவற்றின் மீது தாவிச் சொல் அமைப்பார்கள். கடைசியில் தாங்களாகவே ஏதாவது எழுதுவார்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை.

எழுத்து முழுவதும் வந்த பிறகுதான் கதை என்று காத்திருப்பது இல்லை. முதல் நாளே கதை உண்டு. எதற்காக எழுத்து கற்கிறோம் என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும் அல்லவா?

வேகமும் முக்கியம். எழுத்துக் கூட்டியே வாசிக்கும் பிள்ளை, வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடுகிறது. ஆகவே பொருள் புரிவதில்லை. மத்திய அரசு 2021-ல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று குறிக்கோள் வைத்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எனவே எண்ணிக்கையைவிட, புரிகிறதா என்று பார்ப்பதே நல்லது.

இரண்டு எழுத்து முறை

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. மராட்டியத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்று 2020-ல் சட்டம் வந்தது. ஆக, பிள்ளை இரண்டு மூன்று எழுத்து முறைகளைச் சேர்த்துக் கற்கிறது.

தமிழில் 'கெ' என்று எழுத, கொம்பு முன்னால் வருகிறது. ஆனால் ஒலியில் அது பின்னால் வருகிறது. மராத்தியில் அந்த அடையாளம் எழுத்தின் தலைக்கு மேல் இருக்கும். தமிழில் 'கி' என்பதன் சுழி வலப்பக்கம். மராத்தியிலோ அந்தக் குறிலின் அடையாளம் இடப்பக்கம். கு, சு, து, பு ஆகிய நான்கிலும் ஒரே உகரம்தான். ஆனால் எழுதும் விதம் எல்லாவற்றிலும் ஒன்று அல்ல.

இதில் தடுமாறும் பிள்ளையை 'மக்கு' என்று திட்டுவது அநியாயம். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கவனித்து, இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

பேச்சும் ஒரு தடை. நெல்லைச் சீமையில் இருந்து வந்த குடும்பத்தில் "அவிய வந்துட்டாவ" என்பார்கள். புத்தகத்தில் "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று இருக்கும். கதை சொல்லும்போது இரண்டையும் சொன்னால் பிள்ளைக்குப் பாலம் கிடைக்கும்.

வீட்டில் தமிழ் பேசினால் பள்ளி மொழி வராது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது வீண் அச்சம். ஒரு மொழியில் சரளமாக வாசிக்கக் கற்றவன், 'எழுத்துக்கு ஒலி, ஒலிகள் சேர்ந்தால் சொல், சொல்லுக்குப் பொருள்' என்ற ரகசியத்தை அறிந்துவிட்டான். அடுத்த மொழிக்கு அந்த ரகசியத்தை மறுபடி கற்க வேண்டியது இல்லை.

அம்மா என்ன செய்யலாம்?

எழுத்து தெரியாத தாயும் செய்யக்கூடியவை உண்டு.

பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பத்திரிகைத் துண்டாக இருக்கலாம். மளிகைப் பொட்டலத் தாளாகவும் இருக்கலாம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். மனப்பாடமா, வாசிப்பா என்பது உடனே தெரிந்துவிடும்.

தடுமாறினால் அடிக்காதீர்கள். மற்ற பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பயந்த பிள்ளை, தெரிந்ததையும் மறைத்துக்கொள்ளும்.

தினமும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சோறு வேகும் நேரம் போதும். அக்காள், அண்ணன் யாராவது விரல் வைத்து ஒரு சின்னக் கதையை வாசிக்கட்டும். தம்பி பின்தொடரட்டும். வாசித்த பிறகு, "என்ன நடந்தது? சொல்லு" என்று அம்மா கேட்கட்டும். அந்தக் கேள்வி கேட்க எழுத்து தெரிய வேண்டியது இல்லை.

பஸ் பலகை, கடைப் பெயர், கல்யாணப் பத்திரிகை எல்லாமே பாடப் புத்தகம்தான். ஊரில் இருந்து தாத்தாவின் கடிதமோ, கைப்பேசியில் செய்தியோ வந்தால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போகும்போது ஆசிரியரிடம், "எத்தனையாவது ராங்க்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சார், புதுப் பக்கத்தைக் கொடுத்தால் வாசிக்கிறானா?" என்று கேளுங்கள். பல பெற்றோர்கள் இப்படிக் கேட்கத் தொடங்கினால், பள்ளிக்கூடமும் நாளுக்கு ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கும்.

ஐந்தாம் வகுப்பு ஆகிவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம். உத்தரப்பிரதேசத்தில் 50 நாளில் வாசிக்கத் தொடங்கியவர்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு.

தாராவி வீட்டில் மாமாவின் விரல் இன்னும் அந்தச் சொல் மீதுதான் இருக்கிறது. பையன் முதல் வரிக்கு ஓடாமல், அந்தச் சொல்லைப் பார்த்த உடனே சொல்ல வேண்டும். அதற்குத் தேவை பெரிய பணம் அல்ல. அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்து, அங்கிருந்து கையைப் பிடித்து ஏற்றிவிட ஓர் ஆள். அவ்வளவுதான்.